குடை விரியுமா? விண்வெளித் திட்டத்துக்கு அரசு நிதி கேட்கப் போகிறவர்களுக்கு

1989-ல் வியாழனை நோக்கிப் புறப்பட்ட கலிலியோ விண்கலத்தில் ஒரு பெரிய ஆண்டெனா இருந்தது. விரித்தால் 4.8 மீட்டர் அகலம். அதை அப்படியே விண்ணோடத்துக்குள் வைக்க முடியாது என்பதால் குடையைப் போல மடித்து வைத்திருந்தார்கள். 1991 ஏப்ரலில் பூமியிலிருந்து 'விரி' என்று கட்டளை போனது. மோட்டார் ஓடியது, குடை முழுசாக விரியவில்லை. சில கம்பிகள் நடுத்தண்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்துவிட்டன. 1986-ல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறிய விபத்தால் பயணம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனதில், அந்த ஆண்டெனா அமெரிக்காவின் ஒரு கரைக்கும் மறு கரைக்குமாக லாரியில் அலைந்திருந்தது. அந்தக் குலுக்கலில் மசகுப் பூச்சு தேய்ந்துபோயிருக்க வேண்டும் என்பதுதான் பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணம். நொடிக்கு 1,34,000 பிட் வரவேண்டிய இடத்தில் பத்து, நூறு என்ற கணக்கில்தான் வந்தது. சின்ன ஆண்டெனாவையும் தரவைச் சுருக்கும் மென்பொருளையும் வைத்துக்கொண்டு பயணத்தை எப்படியோ காப்பாற்றினார்கள்.

விண்வெளித் திட்டங்களுக்கான விண்ணப்பங்களைப் படிக்கிறவர்களுக்கு இந்த மாதிரிக் கதைகள் அத்துபடி. பல பேர் அதில் நேரடியாக அடிபட்டவர்கள். அவர்களிடம் போய் 'எங்கள் ஆண்டெனா புரட்சிகரமானது, உலகச் சந்தையையே மாற்றிவிடும்' என்று நீங்கள் எழுதினால், மனத்துக்குள் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: சரி, குளிரில் விரியுமா?

அரசு நிதி என்றதும் நம்மில் பலர் அதை உதவித்தொகை போல நினைத்துவிடுகிறோம். நல்ல யோசனை, நல்ல மனிதர்கள், ஆகவே பணம் கொடுங்கள் என்று கேட்கிறோம். கொடுக்கிறவர் பார்வை வேறு. ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றி இருக்கும் சந்தேகத்தை ஒரு படி குறைக்க அவர் பணம் செலவழிக்கிறார். அந்தச் சந்தேகம் எது, அதை எந்தச் சோதனை தீர்க்கும், எத்தனை மாதத்தில், எவ்வளவு பணத்தில் என்ற நான்கும் எழுதப்பட்டுவிட்டால் விண்ணப்பத்தின் முதுகெலும்பு வந்துவிட்டது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளர்வதுதான்.

அரசு ஏன் கொடுக்கிறது?

தனியார் முதலீட்டாளர் பணம் போட்டால் சில ஆண்டுகளில் திரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பார். ஒரு புதிய உந்துவிசைக் கருவியோ உணரியோ ஆய்வகத்திலிருந்து சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரப் பத்து ஆண்டுகூட ஆகலாம். வாங்குகிறவர்களும் உலகம் முழுக்க விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். இந்த இடைவெளியில் நிறைய நல்ல யோசனைகள் செத்துப்போகும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அரசு வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 1967-ன் விண்வெளி ஒப்பந்தம், ஆறாவது பிரிவில், ஒரு நாட்டின் தனியார் அமைப்பு விண்வெளியில் எதைச் செய்தாலும் அதற்குப் பன்னாட்டு அளவில் அந்த நாட்டு அரசே பொறுப்பு என்கிறது. அனுமதி கொடுப்பதும் தொடர்ந்து கண்காணிப்பதும் அரசின் கடமை. ஆகவே விண்வெளியைப் பொறுத்தவரை அரசு வெறும் பணப்பெட்டி ஆகிவிட முடியாது. உங்கள் செயற்கைக்கோள் யார் மேலாவது மோதினால் அரசின் சட்டையையும் பிடிப்பார்கள். உரிமம், அலைவரிசை, விண்வெளிக் குப்பை என்று விண்ணப்பப் படிவம் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

பணத்துக்குப் பல முகம்

'நிதி' என்று ஒரே சொல்லால் சொன்னாலும் உள்ளே பல வகை இருக்கின்றன. மானியம் என்றால் செலவைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள், முடிவும் பெரும்பாலும் உங்களுடையது. ஒப்பந்தம் என்றால் சொன்ன பொருளையோ அறிக்கையையோ சொன்ன நாளில் ஒப்படைக்க வேண்டும். செலவுப் பகிர்வு என்றால் ஒரு பங்கு அவர்களுடையது, மீதி உங்கள் பை.

அமெரிக்காவில் நாசா நடத்தும் எஸ்.பி.ஐ.ஆர். சிறு நிறுவனங்களுக்கான திட்டம். 1982-ல் வந்த ஒரு சட்டத்தில் வேர் கொண்டது. அண்மைக்கால அழைப்புகளில் முதல் கட்டத்துக்கு ஆறு மாதம், 1,50,000 டாலர் வரை. அதில் தேறினால் இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு ஆண்டு, 8,50,000 டாலர் வரை. இந்த இரண்டு கட்ட அமைப்பைக் கவனியுங்கள். சின்னச் சந்தேகத்துக்குச் சின்னப் பணம், அது தீர்ந்தால் பெரிய சந்தேகத்துக்குப் பெரிய பணம். இந்தியாவில் தனியார் விண்வெளித் துறையை ஊக்குவிக்கும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸ் 2025-ல் தொடங்கிய தொழில்நுட்ப ஏற்பு நிதி செலவுப் பகிர்வு வகை: ஸ்டார்ட்அப்புகளுக்கும் சிறு தொழில்களுக்கும் திட்டச் செலவில் 60 விழுக்காடு வரை, பெரிய நிறுவனங்களுக்கு 40 விழுக்காடு வரை, ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 25 கோடி ரூபாய். கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் என்ற தனி வாசல் இருக்கிறது. ஜப்பான் 2024-ல் விண்வெளி உத்தி நிதி என்று ஒன்றைத் தொடங்கி, பத்து ஆண்டில் ஒரு லட்சம் கோடி யென் அளவுக்கு, அந்நாட்டு விண்வெளி முகமையான ஜாக்ஸா வழியாக நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கொடுக்கத் திட்டமிட்டிருக்கிறது.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே ஒரு உறுப்பு நாடு போட்ட பணத்துக்கு ஏற்ற அளவில் அந்த நாட்டு நிறுவனங்களுக்கே ஒப்பந்தங்கள் திரும்பிப் போகவேண்டும் என்பது கொள்கை. உறுப்பு நாடுகள் விரும்பினால் மட்டும் சேர்ந்து பணம் போடும் விருப்பத் திட்டங்கள் பலவற்றில், உங்கள் யோசனையை முகமைக்குப் பிடித்திருந்தாலும் உங்கள் நாட்டுப் பிரதிநிதி 'நாங்கள் நிதி ஒதுக்குகிறோம்' என்று கடிதம் கொடுக்காமல் எதுவும் நகராது. முதலில் தட்டவேண்டிய கதவு முகமையின் தலைமையகம் இருக்கும் பாரிஸில் இல்லை, உங்கள் தலைநகரில் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிய வருகிறது.

அப்புறம், பணமாக வராத நிதி. புதியவர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். சின்னச் செயற்கைக்கோளுக்கு அதைக் கட்டும் செலவை விட அதை மேலே அனுப்பும் செலவு கனமாக இருக்கலாம். நாசாவின் கியூப்சாட் ஏவுதல் திட்டம் அந்த நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கும் இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் ராக்கெட்டில் இடம் கொடுக்கிறது. ஐ.நா.வின் விண்வெளி விவகார அலுவலகமும் ஜாக்ஸாவும் 2015 முதல் நடத்தும் கிபோகியூப் திட்டம், வளரும் நாடுகளின் நிறுவனங்கள் கட்டும் சின்னச் செயற்கைக்கோள்களைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஜப்பானின் கிபோ கூடத்திலிருந்து விடுகிறது. கென்யாவின் முதல் செயற்கைக்கோள் 2018-ல் அப்படித்தான் போனது. அடுத்து குவாத்தமாலா, மொரிஷியஸ். செயற்கைக்கோளே கட்டாமல் ஒரு கருவியை மட்டும் சோதிக்க வேண்டுமானால் இஸ்ரோவின் போயம் இருக்கிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தை வேலை முடிந்ததும் வீணாக விடாமல், அதையே பரிசோதனைத் தளமாகச் சுற்றவைக்கிறார்கள். மின்சாரம், கட்டுப்பாடு, தகவல்தொடர்பு எல்லாம் தளம் தருகிறது. நீங்கள் கருவியைக் கொடுத்தால் போதும். ஓர் இலவச இருக்கை கிடைத்தால் நிதி விண்ணப்பத்தின் மொத்தத் தொகையே பாதியாகிவிடலாம்.

ஒன்பது படிகள்

விண்வெளி நிதி பற்றி எந்த ஆவணத்தைத் திறந்தாலும் டி.ஆர்.எல். என்ற மூன்றெழுத்து வந்து நிற்கும். தொழில்நுட்பத் தயார்நிலை அளவு என்று பொருள். நாசாவில் ஸ்டான் சாடின் என்பவர் 1974-ல் தொடங்கிவைத்த யோசனை. முதலில் ஏழு படிகள்தான், 1990-களில் ஒன்பதாயின. 2013-ல் பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ. அதற்கு ஒரு தரநிலையே வெளியிட்டது. இன்று கிட்டத்தட்ட எல்லா நாட்டு நிதி அமைப்புகளும் இதில்தான் பேசுகின்றன.

குடை ஆண்டெனாவையே எடுத்துக்கொள்வோம். மடிந்த உலோக நாடா தானாக நிமிரும் என்ற இயற்பியல் உண்மை தெரிந்திருப்பது முதல் படி. இதை வைத்து ஆண்டெனா செய்யலாமே என்று தாளில் வரைந்தால் இரண்டாவது. மேசை மேல் சின்ன மாதிரி ஒன்று, நூலை அறுத்ததும் படக்கென்று விரிந்தால் மூன்றாவது. கீல், நாடா, வலை எல்லாவற்றையும் சேர்த்து ஆய்வகத்தில் இயக்கிக் காட்டினால் நான்காவது.

இதுவரைக்கும் காற்று இருந்தது, அறை வெப்பம் இருந்தது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும்தான் விளையாட்டு மாறுகிறது. பொருத்தமான சூழலில் சோதிக்க வேண்டும். அதாவது ராக்கெட்டின் குலுக்கலைப் போன்ற அதிர்வு மேசையில் வைத்து உலுக்கிவிட்டு, பிறகு வெற்றிட அறையில் போட்டு, உறையும் குளிரிலும் கொதிக்கும் வெப்பத்திலும் விரிகிறதா என்று பார்க்க வேண்டும். வரிசையும் முக்கியம். விண்வெளியில் குளிருவதற்கு முன்னால் ராக்கெட் உலுக்கிவிடும், ஆகவே சோதனையிலும் உலுக்கல்தான் முதலில். கலிலியோவின் ஆண்டெனா தரையில் சோதிக்கப்படாத ஒன்றல்ல. சோதனைக்குப் பிறகு அது பட்ட பாடுதான் கணக்கில் வரவில்லை.

ஏழாவது படி சுற்றுப்பாதையில் ஒரு மாதிரியை இயக்கிக் காட்டுவது. எட்டு, பறக்கத் தகுதி பெற்ற முழு அமைப்பு. ஒன்பது, உண்மையான பயணத்தில் வேலை செய்து நிரூபித்தது.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, படியைக் கூட்டிச் சொல்வது. மூன்றில் இருப்பவர் ஐந்து என்று எழுதுவார். மதிப்பீட்டாளர் 'வெற்றிடச் சோதனை அறிக்கை எங்கே?' என்று ஒரே கேள்வியில் கீழே இறக்கிவிடுவார். இறங்குவது படி மட்டுமில்லை, மொத்த விண்ணப்பத்தின் நம்பகத்தன்மையும்தான். மற்றது, ஒரே திட்டத்தில் மூன்றிலிருந்து எட்டுக்குத் தாவுகிறேன் என்பது. ஒரு நிதிக்கு ஒன்று அல்லது இரண்டு படி என்பதுதான் நம்பக்கூடிய நடை. முழு அமைப்பின் தயார்நிலையை அதில் மிகக் கீழே இருக்கும் உறுப்புதான் தீர்மானிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. மின்னணுச் சுற்று எட்டில் இருந்தும் கீல் மூன்றில் இருந்தால் உங்கள் ஆண்டெனா மூன்றில்தான் இருக்கிறது.

அழைப்பைப் படிப்பது

ஒவ்வொரு நிதித் திட்டமும் ஓர் அழைப்பு ஆவணத்தோடு வரும். நீளமாக, வறட்சியாக இருக்கும். அதைக் காகிதத்தில் அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படிப்பது பழைய பழக்கம்தான், ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. யார் தகுதியானவர், எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு, எத்தனை பக்கம், எந்தச் செலவு ஏற்கப்படும், எந்தச் செலவு ஏற்கப்படாது. இந்த ஐந்துக்கும் விடை எழுதிய பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும்.

தகுதி விதிகள் சில சமயம் வேலைப் பங்கீட்டுக்குள் ஒளிந்திருக்கும். மேலே சொன்ன எஸ்.பி.ஐ.ஆரில் முதல் கட்டத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு வேலையை விண்ணப்பிக்கும் சிறு நிறுவனமே செய்ய வேண்டும். பாதியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தால் யோசனை எவ்வளவு நல்லதானாலும் வெளியேதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஆய்வு நிதித் திட்டத்தில் வழக்கமான கூட்டு ஆய்வுக்கு நேர் எதிர்: குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று அமைப்புகள் சேர்ந்து வரவேண்டும்.

அழைப்பு வெளியாகும் முன்பே அந்தத் துறையின் தொழில்நுட்ப அலுவலர்களோடு பேசுவது தவறில்லை. பெரும்பாலான இடங்களில் அதை வரவேற்கவே செய்கிறார்கள். அழைப்பு திறந்த பிறகு கதை வேறு. கேள்விகளை எழுத்தில்தான் கேட்க வேண்டும், பதில் எல்லாப் போட்டியாளர்களுக்கும் சேர்த்து வெளியாகும். ஆகவே உங்கள் இரகசியம் கசியும்படி கேள்வி கேட்டுவிடாதீர்கள். 'டைட்டானியம் கீலில் வெள்ளிப் பூச்சு பயன்படுத்தினால் ஏற்பீர்களா?' என்று கேட்டால் எல்லோருக்கும் உங்கள் வழி தெரிந்துபோகும்.

எழுதும்போது

நான் முதன்முதலில் கைவைத்த விண்ணப்பத்தின் முதல் வரைவில் பதினோரு பக்கத்துக்கு விண்வெளியின் முக்கியத்துவம் இருந்தது. சோதனைத் திட்டத்துக்கு ஒரே ஒரு பத்தி. படித்துப் பார்த்த மூத்தவர் ஒருவர் முதல் ஒன்பது பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டுவிட்டு, 'இதெல்லாம் அவங்களுக்குத் தெரியும். உனக்கு என்ன தெரியும்னு எழுது' என்றார். அன்று கோபம் வந்தது. இன்று அதே கோட்டை நான் மற்றவர்களுக்குப் போடுகிறேன்.

முதல் பக்கத்திலேயே வர வேண்டியது: எந்தப் பிரச்சினை, இன்று அதை எப்படிச் சமாளிக்கிறார்கள், உங்கள் வழி எந்த எண்ணில் மேல். 'மிக இலேசானது' என்பது எண் ஆகாது. 'இதே அளவு அலைவரவேற்புக்கு இப்போது 2 கிலோ, எங்களுடையது 800 கிராம். மேசை மாதிரியில் எடை போட்டது' என்பது எண். கடைசியில் சொன்ன 'மேசை மாதிரியில் எடை போட்டது' என்ற நான்கு சொல்தான் அந்த வாக்கியத்தின் உயிர். கணக்கிட்டதா, உருவகப்படுத்தியதா, அளந்ததா என்பதை ஒவ்வொரு எண்ணுக்கும் சொல்லிவிடுங்கள்.

விண்வெளிக்காரர்கள் 'பட்ஜெட்' என்றால் பணத்தை மட்டும் சொல்வதில்லை. எடைக்கு ஒரு பட்ஜெட், மின்சாரத்துக்கு ஒன்று, பூமியோடு பேசும் இணைப்பின் வலுவுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் கையிருப்பு விட்டிருக்க வேண்டும். தொடக்கநிலை வடிவமைப்பில் எடைக்கு 20 விழுக்காடு போல ஓர் இடைவெளி வைப்பது சாதாரணம். மேலே பொருத்தும் நாளில் எல்லாமே நினைத்ததை விடக் கனக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டது. கையிருப்பே இல்லாத அட்டவணை சாமர்த்தியத்தைக் காட்டாது, அனுபவமின்மையைத்தான் காட்டும்.

ஆபத்துப் பட்டியல் கேட்பார்கள். பலர் இதில் 'ஊழியர் விலகலாம், தாமதம் ஆகலாம்' என்று எந்தத் திட்டத்துக்கும் பொருந்துவதை நிரப்பிவிடுகிறார்கள். உங்களைத் தூங்கவிடாத ஆபத்தை எழுதுங்கள். குளிரில் கீல் இறுகினால்? அதைத் திட்டத்தின் எத்தனையாவது மாதத்தில் கண்டுபிடிப்பீர்கள்? கண்டுபிடித்தால் மாற்றுவழி என்ன, வேறு மசகா, வேறு உலோகமா, கீலைச் சூடாக்கும் சின்ன மின்சுருளா? பதினெட்டு மாதத் திட்டத்தில் அந்தச் சோதனை பதினாறாவது மாதத்தில் வருகிறது என்றால் திட்டமே தலைகீழாக இருக்கிறது. பயப்படும் சோதனைதான் முதலில் வரவேண்டும். மதிப்பீட்டாளர்கள் கால அட்டவணையில் கண் வைக்கும் முதல் இடம் அதுதான்.

ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது பட்டங்களை விட, 'இவர் முன்பு வெற்றிட அறைச் சோதனையை நடத்தியவர்' என்பது கனமானது. குழுவில் அப்படி ஒருவர் இல்லையா? வெளியிலிருந்து ஆலோசகராகச் சேர்த்து, அவர் ஒப்புதல் கடிதத்தை இணைத்துவிடுங்கள். குறையை மறைப்பதை விட அடைத்துக் காட்டுவது மேல்.

பணக் கணக்கு

செலவு அட்டவணையில் சம்பளம், பொருள், கருவி எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது வேறு: அதிர்வு மேசையும் வெப்ப வெற்றிட அறையும் வாடகைக்கு எடுக்கும் நாட்கள், அங்கே போகும் பயணம், சோதனையில் உடைந்தால் இரண்டாவது மாதிரி. சோதனைக் கூடங்களில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். கூடத்திடமிருந்து விலைப்புள்ளியும் உத்தேச நாளும் வாங்கி இணைத்தால் உங்கள் அட்டவணைக்குத் தரையில் கால் ஊன்றியது போல.

மின்சாரம், வாடகை, கணக்காளர் போன்ற மறைமுகச் செலவுக்கு ஒவ்வொரு அமைப்பும் ஒரு விதி வைத்திருக்கும். ஹொரைசனில் நேரடிச் செலவின் மேல் 25 விழுக்காடு என்று ஒரேயடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். சில இடங்களில் அதைவிடக் குறைவு, சில இடங்களில் கணக்குக் காட்ட வேண்டும். குறைத்துக் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்துத் தொகையைச் சுருக்குகிறவர்கள் உண்டு. அது எடுபடாது. சோதனைச் செலவு எவ்வளவு ஆகும் என்று படிக்கிறவருக்குத் தெரியும். குறைத்துக் கேட்டால் உங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று, பணம் எப்போது வரும் என்பது. பல திட்டங்களில் மைல்கல்லை எட்டிய பிறகுதான் பணம். நாசா 2006-ல் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் வண்டிகளை உருவாக்க இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தது. ஸ்பேஸ்எக்ஸ் ஒன்று, ராக்கெட்பிளேன் கிஸ்லர் மற்றொன்று. பின்னதற்கு ஒப்புக்கொண்ட தொகை 20 கோடி டாலருக்கு மேல். ஆனால் மைல்கற்களில் தனியார் முதலீடு திரட்டிக் காட்டுவதும் ஒன்று. அதை எட்ட முடியவில்லை, 2007-ல் நாசா ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அதுவரை அந்த நிறுவனம் பெற்றது சுமார் 3.2 கோடி டாலர்தான். மிச்சப் பணம் 2008-ல் ஆர்பிட்டல் சயின்சஸ் என்ற வேறு நிறுவனத்துக்குப் போனது. ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம் 2012 மே மாதம் நிலையத்தை அடைந்தது. பெரிய எழுத்தில் அறிவிக்கும் தொகைக்கும் கையில் வரும் பணத்துக்கும் நடுவே எத்தனை நிபந்தனை இருக்கிறது என்பதை இதை விடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. மைல்கல் வரை சம்பளம் கொடுக்கக் கையிருப்பு இருக்கிறதா என்பதைக் கையெழுத்திடும் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்துக்கு வெளியே சில காகிதங்கள்

செயற்கைக்கோள் பேச வேண்டுமானால் அலைவரிசை வேண்டும். அதைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் உங்கள் நாட்டு அரசு வழியாகத்தான் பதிய முடியும். மாணவர்கள் பயன்படுத்தும் அமெச்சூர் அலைவரிசைக்கும் பன்னாட்டு அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் ஒருங்கிணைப்பு தேவை. இதெல்லாம் மெதுவான வேலை. செயற்கைக்கோள் தயாராகி அலைவரிசை வராமல் காத்திருப்பது வேதனை. விண்ணப்பத்தின் கால அட்டவணையில் இதற்கு முதல் மாதத்திலேயே ஒரு கோடு போட்டிருந்தால் அனுபவசாலி என்று தெரிந்துவிடும்.

குப்பை விதிகளும் இறுகிவருகின்றன. தாழ்ந்த சுற்றுப்பாதையில் இருப்பது பணி முடிந்து 25 ஆண்டுக்குள் கீழே வந்துவிட வேண்டும் என்பது பழைய வழிகாட்டி. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2022-ல் அதை 5 ஆண்டாகக் குறைத்துவிட்டது. எந்த உயரத்தில் சுற்றும், எப்படி விழும் என்று ஒரு பத்தியாவது இருக்கட்டும்.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு மூன்றாவது. ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் தொழில்நுட்பம் பெரும்பாலும் ஒன்றே என்பதால் விண்வெளி உதிரிபாகங்கள் எல்லை தாண்டும்போது சட்டம் குறுக்கே நிற்கும். அமெரிக்காவின் ஐ.டி.ஏ.ஆர்., இந்தியாவின் ஸ்கோமெட் போன்ற விதிகளும் பட்டியல்களும் இதற்குத்தான். சில நாடுகளில் வெளிநாட்டு ஆய்வாளரிடம் வரைபடத்தைக் காட்டுவதே ஏற்றுமதிக் கணக்கில் வரும். வெளிநாட்டுக் கூட்டாளியைச் சேர்க்கும் முன்பு இதைக் கேட்டுவிடுங்கள்.

மறுபக்கத்தில் என்ன நடக்கிறது

விண்ணப்பம் போனதும் முதலில் ஓர் அலுவலர் பக்க எண்ணிக்கை, கையெழுத்து, இணைப்புகள் எல்லாம் சரியா என்று பார்ப்பார். இங்கேயே விழுகிறவை குறைவில்லை. கடைசி நாள் மாலையில் இணையதளம் திணறும் என்பதை எழுதப்படாத விதியாக வைத்துக்கொண்டு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் மதிப்பீட்டாளர்கள். ஹொரைசனில் பொதுவாக மூன்று அளவுகோல்: தரம், தாக்கம், செயல்படுத்தும் திறன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். தனித்தனியே மூன்றும், மொத்தத்தில் பத்தும் வாங்க வேண்டும். பத்து வாங்கினால் தேர்ச்சிதான், பணம் அல்ல. மேலே இருப்பவர்களுக்குக் கொடுத்து முடிக்கும்போதே பெட்டி காலியாகிவிடும். ஒரு பகுதி பிரமாதமாக இருந்து இன்னொன்று சொதப்பினாலும் வெளியே என்பதைக் கவனியுங்கள். பொறியாளர்கள் தாக்கம் பகுதியைக் கடைசி இரவில் எழுதிச் சொதப்புவது வழக்கம்.

சில இடங்களில் பெயரே தெரியாமல் மதிப்பிடுகிறார்கள். ஹப்பிள் தொலைநோக்கியில் நேரம் ஒதுக்க 2018-ல் இந்த முறை வந்தது, பிறகு நாசாவின் பல ஆய்வு நிதிகளுக்கும் பரவியது. 'எங்கள் முந்தைய கட்டுரையில் காட்டியபடி' என்று ஒரு வரி எழுதினால் விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடலாம். விதியைப் படிக்காமல் பழைய விண்ணப்பத்தை வெட்டி ஒட்டினால் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

நிராகரிப்பு வந்தால் காரணக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான அமைப்புகள் கொடுக்கும். முதல் நாள் படித்தால் எரிச்சலாக இருக்கும், ஒரு வாரம் கழித்துப் படியுங்கள். 'இவர்களுக்குப் புரியவில்லை' என்று தோன்றும் இடமெல்லாம் நீங்கள் சரியாக எழுதாத இடம் என்று வைத்துக்கொண்டால் அடுத்த வரைவு மேம்படும். எப்போதும் அது உண்மை இல்லை, ஆனாலும் பயனுள்ள பொய்.

கிடைத்துவிட்டால்

கையெழுத்திடும் முன்பு அறிவுசார் உரிமைப் பிரிவைப் படியுங்கள். பல திட்டங்களில் கண்டுபிடிப்பு உங்களுக்கே, அரசுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும். எஸ்.பி.ஐ.ஆரில் உங்கள் தொழில்நுட்பத் தரவை அரசு 20 ஆண்டு பாதுகாக்க வேண்டும். வேறு சில ஒப்பந்தங்களில் உரிமை கைமாறிவிடும். நேரப் பதிவேடு, ரசீது, கொள்முதல் விதி இவற்றுக்கு முதல் நாளிலிருந்தே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தணிக்கை சில ஆண்டு கழித்தும் வரும்.

அப்புறம் சோதனை. வெற்றிட அறையின் கதவு மூடி, குளிர் இறங்கி, கட்டளை போகிறது. எட்டுக் கம்பிகளில் ஏழு விரிகின்றன, ஒன்று பாதியில் நிற்கிறது. இறுதி அறிக்கையில் இதை 'பெரும்பாலும் வெற்றி' என்று மழுப்பி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். எந்தக் கம்பி, எந்த வெப்பநிலையில், எத்தனை பாகையில் நின்றது, பிரித்துப் பார்த்தபோது கீலில் என்ன இருந்தது என்று படத்தோடு போடுங்கள். அடுத்த நிதிக்கான விண்ணப்பத்தில் முதல் பக்கம் அதுதான்.